பிளெயின்ஸ் வீட்டில் 22 மாதங்களும் 2 நாட்களும்: கார்ட்டர் தம்பதியரின் ஹாஸ்பிஸ் காலம்

2023 பிப்ரவரி 18 அன்று அட்லாண்டாவிலுள்ள கார்ட்டர் மையம் சில வரிகளில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அடுத்தடுத்துச் சில முறை மருத்துவமனையில் தங்கித் திரும்பிய முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், இனி மருத்துவத் தலையீடுகள் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார். எஞ்சிய காலத்தை ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் ஊரிலுள்ள வீட்டில் குடும்பத்தாரோடு கழிப்பார். ஹாஸ்பிஸ் பராமரிப்பு, அதாவது நோயைக் குணப்படுத்த முயலாமல் இறுதிக்காலத் துன்பத்தைத் தணிக்கும் பராமரிப்பு, பெறுவார். செய்தி அவ்வளவுதான். எந்த நோயின் பேரில் இந்த முடிவு என்று அதில் இல்லை. அவருக்கு அப்போது வயது 98. ஹாஸ்பிஸ் என்றதும் பெரும்பாலோர் எண்ணியது நாட்களை. தாராளமாக எண்ணியவர்கள் வாரங்களை. கார்ட்டர் இறந்தது 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயது நிறைந்த பிறகு. இடையில் ஓடியவை 22 மாதங்கள்.

அதே வீட்டில், அந்த 22 மாதங்களுக்கு நடுவே, அவருடைய மனைவி ரோசலின் 2023 நவம்பர் 17 அன்று ஹாஸ்பிஸ் பராமரிப்பில் சேர்ந்தார். நவம்பர் 19 பிற்பகலில் இறந்தார். வயது 96.

ஒரே வீடு, ஒரே குடும்பம், ஒரே வகைப் பராமரிப்பு. கால அளவில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. நீண்டது வெற்றி, குறுகியது தோல்வி என்றோ, நீண்டது வீண் செலவு, குறுகியதுதான் முறையானது என்றோ இதைப் படிக்கலாம். இரண்டும் தவறு என்பது என் எண்ணம். ஹாஸ்பிஸ் எத்தனை நாள் நீடித்தது என்பதைவிட, அது உள்ளே வரும்போது அந்த வீடு எந்த நிலையில் இருந்தது என்பதுதான் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கார்ட்டர் வீட்டுக் கதை அதைத்தான் காட்டுகிறது.

நோயாளி: சிகிச்சைக்கு அஞ்சியவர் அல்லர்

ஹாஸ்பிஸைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பற்றி ஒரு பிம்பம் உண்டு: போராடும் குணம் இல்லாதவர்கள், அல்லது டாக்டர் கைவிரித்துவிட்டதால் வேறு வழியில்லாதவர்கள். கார்ட்டரின் மருத்துவ வரலாறு இந்தப் பிம்பத்தோடு ஒட்டவே ஒட்டாது.

2015 ஆகஸ்டில் அவருடைய கல்லீரலில் இருந்த கட்டியை அறுவைச் சிகிச்சையில் அகற்றினார்கள். அது மெலனோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. மூளையிலும் நான்கு இடங்களில் பரவியிருந்தது. 90 வயதில் இப்படி ஒரு முடிவு கையில் கிடைத்தால் பலரும் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அவர் நிறுத்தவில்லை. கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். அதோடு, அமெரிக்காவில் ஓராண்டுக்கு முன்புதான் ஒப்புதல் பெற்றிருந்த பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தையும் ஏற்றுக்கொண்டார். டிசம்பரில் ஸ்கேனில் புற்றின் தடயம் இல்லை என்று அறிவித்தார். அந்த மருந்து வாங்கித் தந்த காலத்தில் அவர் வீடு கட்டும் தொண்டுப் பணிக்குப் போனார், தேவாலயத்தில் ஞாயிறு விவிலிய வகுப்பு எடுத்தார், ஊர் மக்களோடு ஊராக வாழ்ந்தார்.

ஆகவே 2023இல் “போதும்” என்றவர், சிகிச்சை என்ன தரும் என்பதை ருசித்து அறிந்தவர். 2015இல் சிகிச்சைக்கும் 2023இல் ஹாஸ்பிஸுக்கும் சம்மதித்தது ஒரே மனம். முதல்முறை, மருந்தின் மறுபக்கத்தில் வாழத்தக்க வாழ்வு இருந்தது. இரண்டாம் முறை, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமான அலைச்சலே வாழ்வாகிவிட்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளும் லேசானவை அல்ல. 2019 மே மாதம் இடுப்பு எலும்பு முறிந்தது. அக்டோபரில் இரண்டு முறை விழுந்தார்; ஒருமுறை நெற்றியில் தையல், மறுமுறை இடுப்புக்கூட்டில் முறிவு. நவம்பரில் மூளையைச் சுற்றித் தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தைக் குறைக்க அறுவை.

இன்னொன்றும் முக்கியம். மரணத்தைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசியவர். 2015 ஆகஸ்ட் பத்திரிகையாளர் சந்திப்பில், சில வாரங்களே மீதி என்று முதலில் நினைத்ததையும் அதனால் மனம் கலங்கவில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். 2019 நவம்பரில் மரநாதா பாப்டிஸ்ட் தேவாலயத்து ஞாயிறு வகுப்பிலும் சாவோடு தனக்குச் சமாதானம் உண்டு என்றார். கேட்டவர்களில் வீட்டாரும் இருந்தார்கள். இறுதிக்காலப் பராமரிப்பில் நெடுநாள் பணிபுரிந்த எந்தச் செவிலியரைக் கேட்டாலும் சொல்வார்: பாதி வேலை, நோயாளியிடம் உண்மையை மறைக்கும் குடும்பத்துக்கும் தெரியாததுபோல் நடிக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்பதுதான். பிளெயின்ஸ் வீட்டில் அந்தச் சுவர் எப்போதோ இடிந்துவிட்டது.

ஹாஸ்பிஸ் வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும்

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஹாஸ்பிஸ் என்றதும் பலருக்கும் ஒரு கட்டடம் நினைவுக்கு வருகிறது. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனின் தெற்குப் பகுதியில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், படுக்கைகள் கொண்ட கட்டடம்தான். செவிலியராகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், பிறகு மருத்துவராகவும் பயிற்சி பெற்ற அவர், வலி என்பது உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் உறவிலும் பணக்கவலையிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்று வாதிட்டார். வலி வந்த பின் ஊசி போடுவதற்குப் பதிலாக, வலி தலைகாட்டும் முன்பே நேரம் தவறாமல் மார்ஃபினை வாய்வழி கொடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். அவருடைய பேச்சைக் கேட்டு மனம் மாறிய யேல் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் முன்னாள் தலைவர் ஃபிளாரன்ஸ் வால்ட், 1974இல் கனெக்டிகட்டில் அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது, கட்டடத்துக்கு முன் வீட்டுப் பராமரிப்பே வந்தது. அமெரிக்க ஹாஸ்பிஸின் முகம் அன்றிலிருந்து வீடுதான்.

கார்ட்டருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஹாஸ்பிஸ் செய்திகளின் பரபரப்பில் அது அதிகம் பேசப்படவில்லை. அவர் அதிபராக இருந்த 1979இல்தான் மத்திய அரசின் சுகாதார நிதி நிர்வாகம் 26 ஹாஸ்பிஸ்களை எடுத்துக்கொண்டு, அரசுப் பணத்தில் இதை நடத்த முடியுமா என்று சோதித்துப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. கையெழுத்திட்டவர் அவருக்கு அடுத்து வந்த ரீகன். மூத்தோருக்கான மெடிகேர் காப்பீட்டில் ஹாஸ்பிஸ் இப்படித்தான் நுழைந்தது.

விதி இதுதான். நோய் தன் இயல்பான போக்கில் போனால் ஆயுள் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்று இரண்டு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். நோயாளி கையெழுத்திட வேண்டும். அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு இனிக் காப்பீட்டுப் பணம் கிடையாது என்பதை ஏற்க வேண்டும். மனம் மாறினால் எந்த நாளிலும் வெளியேறலாம். முதலில் 90 நாள், அடுத்து 90 நாள், பிறகு 60 நாட்களாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். ஒவ்வொரு முறையும் மறுசான்று வேண்டும். மூன்றாம் தவணையிலிருந்து ஹாஸ்பிஸ் மருத்துவரோ உயர்நிலைச் செவிலியரோ நேரில் வந்து பார்த்தாக வேண்டும்.

இந்தக் காகிதங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் வருபவை மிகவும் நடைமுறைச் சாமான்கள். உயர்த்தித் தாழ்த்தும் கட்டில், சக்கர நாற்காலி, தேவையானால் ஆக்சிஜன் கருவி. செவிலியர் ஒருவர் குறித்த நாட்களில் வந்து பார்ப்பார். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் உதவியாளர் வாரத்தில் சில முறை சில மணி நேரம் வருவார். சமூகப் பணியாளர், ஆன்மிக ஆலோசகர், தன்னார்வலர்கள் உண்டு. நோயாளிகளுக்காகச் செலவாகும் மொத்தப் பணிநேரத்தில் குறைந்தது 5 விழுக்காடு தன்னார்வலர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது சட்ட நிபந்தனை. பிற்பாடு லாபக் கணக்கு புகுந்த துறையில் அந்தத் தொண்டு மனம் இன்றும் விதியாக ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த முரண்.

பல ஹாஸ்பிஸ்கள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லி ஒரு சிறு மருந்துப் பெட்டியைக் கொடுக்கின்றன. நாக்கடியில் விடும் மார்ஃபின் திரவம், பதற்றத்துக்கு லோராசெபாம், குமட்டலுக்கும் குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், தொண்டையில் சேரும் நீரை உலரவைக்கும் சொட்டுகள் அதில் இருக்கும். நள்ளிரவு 2 மணிக்கு மூச்சுத் திணறினால் குடும்பம் ஆம்புலன்ஸைக் கூப்பிடாது. எந்நேரமும் எடுக்கப்படும் ஹாஸ்பிஸ் தொலைபேசியில் செவிலியரை அழைக்கும். எந்தப் புட்டியில் எத்தனை மில்லி என்று அவர் சொல்லச் சொல்ல மகளோ மகனோ கொடுப்பார். தேவைப்பட்டால் செவிலியர் கிளம்பி வருவார்.

மார்ஃபினைப் பற்றிய பயம் உலகப் பொது. அது வலிக்கு மட்டுமல்ல, மூச்சுத் திணறல் தரும் மூச்சுப் பசியையும் தணிக்கும். சிறிய அளவில் தொடங்கி உடலின் மறுமொழியைப் பார்த்துக் கூட்டினால் அது யாரையும் சீக்கிரம் அனுப்பிவைப்பதில்லை. மலச்சிக்கல்தான் அதன் உண்மையான, விடாத தொல்லை. ஆகவே மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்குவது நல்ல பராமரிப்பின் அடையாளம்.

அடுத்த பயம் உணவு. கடைசி வாரங்களில் உடல் உணவைக் கேட்பதை நிறுத்துகிறது. பட்டினி போட்டுச் சாகவிடுகிறோமோ என்ற பதைப்பு ஜார்ஜியாவின் வேர்க்கடலை ஊரிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. ஹாஸ்பிஸ் செவிலியர் பொறுமையாக விளக்கும் விஷயம்: உடல் அணைந்துகொண்டிருப்பதால் பசி போகிறது, பசி போனதால் உடல் அணையவில்லை. இந்த நிலையில் நரம்புவழி ஏற்றும் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கித் துன்பத்தையே கூட்டக்கூடும். உதட்டை ஈரப்பஞ்சால் நனைப்பதும், விரும்பினால் ஒரு கரண்டி குளிர்ந்த ஏதாவதும் போதும். கார்ட்டர் விஷயத்தில் அது வேர்க்கடலை வெண்ணெய் ஐஸ்கிரீம். 2023 மே மாதத்தில் பேரன் ஜேசன் கார்ட்டர் தாத்தா அதை ரசித்துச் சாப்பிடுவதாகச் சொன்னார். இதய நோய்க்கு உப்பு ஆகாது, சர்க்கரைக்கு இனிப்பு ஆகாது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து தின்ற பல முதியவர்களுக்கு ஹாஸ்பிஸ் தரும் முதல் விடுதலை தட்டில்தான் தெரியும்.

22 மாதங்கள்: முன்கணிப்பு பொய்த்ததா?

மெடிகேர் விதியை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், 2023 பிப்ரவரியில் சேர்ந்தவர் 2024 டிசம்பர்வரை தொடர 10 முறை மறுசான்று தேவைப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் “இன்னும் ஆறு மாதமே” என்று எழுதியாக வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது இது வேடிக்கையாகத் தெரியும். ஆனால் நோய் இயல்பாகப் போனால் இத்தனை மாதம் என்பது சராசரியைப் பற்றிய ஊகம். தனி மனிதருக்கு நாள் குறிப்பது அல்ல. புற்றுநோயில் சரிவு ஓரளவு முன்கூட்டியே தெரியும். முதுமைத் தளர்ச்சியும் மறதிநோயும் அப்படி அல்ல. அங்கே சரிவு, சமதளம், மறுபடி சரிவு என்று நெடுநாள் இழுக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கொடுமையான விளைவும் உண்டு. நோயாளி சமதளத்தில் நின்றுவிட்டால், சரிவுக்கு ஆதாரம் இல்லை என்று ஹாஸ்பிஸிலிருந்து உயிரோடு விடுவிக்கப்படுவார். கட்டில் திரும்பிப் போகும், செவிலியர் வருகை நிற்கும், இரவுத் தொலைபேசி எண் செயலற்றுப் போகும். நன்றாகப் பராமரித்ததால்தான் அவர் நிலைத்து நின்றார் என்பது விதிக்குப் புரியாது.

ஹாஸ்பிஸ் ஆயுளை நீட்டுமா என்ற கேள்வி அந்த 22 மாதங்களில் அடிக்கடி எழுந்தது. நேரடியாக ஆம் என்று சொல்ல நான் தயாரில்லை. மருத்துவ உலகம் அடிக்கடி சுட்டும் ஆய்வு 2010இல் வெளியானது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில் ஒரு பாதிக்குத் தொடக்கத்திலிருந்தே வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் நடுமதிப்பில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். ஆனால் அங்கே புற்றுநோய்ச் சிகிச்சையும் தொடர்ந்தது. அது ஹாஸ்பிஸ் அல்ல. அதிலிருந்து எடுக்கக்கூடிய நியாயமான முடிவு, துன்பத்தைத் தணிப்பதில் கவனம் செலுத்துவது ஆயுளைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே. கார்ட்டரை உதாரணம் காட்டி “ஹாஸ்பிஸில் சேர்ந்தால் இரண்டு ஆண்டு” என்று யாராவது சொன்னால், அது மூடநம்பிக்கைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டுவது.

அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பது இன்னும் பயனுள்ள கேள்வி. 2023 ஜூலை 7 அன்று அவர்களுடைய 77ஆவது திருமண நாள் அந்த வீட்டிலேயே கழிந்தது. செப்டம்பரில், ஊரில் நடந்த வேர்க்கடலைத் திருவிழாவில் இருவரும் காரில் அமர்ந்தபடி வலம் வந்தார்கள். நவம்பர் 28 அன்று, ரோசலினுக்கான அஞ்சலிக் கூட்டத்துக்காக அவரைப் பிளெயின்ஸிலிருந்து அட்லாண்டாவுக்கு அழைத்துப் போனார்கள். மனைவியின் முகம் பதித்த போர்வை மடியில் கிடக்க, சாய்வு நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். மறுநாள் ஊர்த் தேவாலயத்திலும் இருந்தார். ஹாஸ்பிஸ் நோயாளி என்றால் அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பவர் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. 2024 அக்டோபர் 1 அன்று 100 வயது நிறைந்தது. அமெரிக்க அதிபர்களில் அந்த வயதைத் தொட்டவர் அவர் ஒருவரே. அதே மாதம் 16 அன்று அஞ்சல் வாக்கும் செலுத்தினார்.

எல்லா நாளும் அப்படி இல்லை. 2024 கோடையில், தாத்தா தினமும் விழித்திருப்பதில்லை என்று ஜேசன் சொன்னார். முடிவு நெருங்குகிறது என்றும் குடும்பம் வெளிப்படையாகச் சொல்லிவந்தது. நூறாம் பிறந்தநாளைப் பேசுபவர்கள் இந்த உறக்க மாதங்களையும் சேர்த்துப் பேச வேண்டும். நீண்ட ஹாஸ்பிஸ் காலத்தின் பெரும்பகுதி நிகழ்ச்சிகளால் ஆனது அல்ல. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது, வாயைச் சுத்தம் செய்வது, அருகில் உட்கார்ந்திருப்பது என்று திரும்பத் திரும்ப வரும் வேலைகளால் ஆனது.

2 நாட்கள்: தாமதமா?

ரோசலினுக்கு மறதிநோய் இருப்பதை 2023 மே 30 அன்று குடும்பம் அறிவித்தது. கணவர் ஹாஸ்பிஸில் சேர்ந்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் நிலைமையின் கடுமை புரியும். 77 ஆண்டு உடனிருந்த மனைவிதான் ஒரு நோயாளியின் இயல்பான முதல் பராமரிப்பாளர். அந்த மனைவியின் நினைவே கரைந்துகொண்டிருந்தது. கூடவே, பராமரிப்பாளர்களுக்காகவே 1987இல் ஜார்ஜியாவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அவர்களுக்காக நாடு முழுக்கப் பேசியவர் அவர். எந்தச் சுமையைப் பற்றிப் பேசினாரோ அதைத் தாங்கும் இடத்துக்கும், பிறர் தாங்க வேண்டிய இடத்துக்கும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தார்.

நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, அவர் வீட்டிலேயே ஹாஸ்பிஸ் பராமரிப்பில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. ஞாயிறு பிற்பகல் 2.10 மணிக்கு, குடும்பத்தார் சூழ அமைதியாக இறந்தார் என்று அடுத்த அறிவிப்பு.

அமெரிக்க ஹாஸ்பிஸ் நோயாளிகளின் பராமரிப்புக் காலத்தின் நடுமதிப்பு அண்மை ஆண்டுகளில் 18 நாட்கள். அதாவது பாதிப் பேர் 18 நாட்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். கடைசி மூன்று நாளில் வந்து சேர்பவர்களும் நிறைய. இத்துறையினர் இதைத் தாமதம் என்றுதான் வைகிறார்கள், சரியாகவே வைகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேராக வரும் நோயாளிக்கு 2 நாள் என்பது கட்டில் வந்து இறங்கவும், மருந்தளவு பிடிபடவும், புதிய செவிலியரின் பெயர் குடும்பத்துக்கு நினைவில் நிற்கவும் மட்டுமே போதும். மகன் தந்தையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் தந்தை பேச்சிழந்திருப்பார்.

ரோசலினின் 2 நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்க நான் தயங்குகிறேன். அந்த வீட்டுக்கு ஹாஸ்பிஸ் ஒன்பது மாதப் பழக்கம். எந்த எண்ணை அழைப்பது, நள்ளிரவில் என்ன செய்வது, மார்ஃபின் எதற்கு என்பவை யாருக்கும் புதிது அல்ல. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏற்கெனவே முறை வைத்து வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவரும் வீட்டிலேயே பராமரிக்கப்பட்டு வந்தவர். நவம்பர் 17 அன்று மாறியது ஒரு காகிதமும் ஒரு முடிவும் மட்டுமே: இனி ஆம்புலன்ஸ் இல்லை.

அந்த ஒரு முடிவின் எடையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அமெரிக்காவில் அவசர எண்ணான 911ஐ அழைத்தால், உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற மருத்துவர் ஆணை கையில் இல்லாதபோது வருபவர்கள் நெஞ்சை அழுத்தியே தீர வேண்டும். 96 வயது விலா எலும்புகள் அதைத் தாங்காது. ஹாஸ்பிஸில் இருக்கும் ஒருவர் வீட்டில் இறந்தால் குடும்பம் ஹாஸ்பிஸை அழைக்கிறது. பல மாநிலங்களில் ஹாஸ்பிஸ் செவிலியரே வந்து மரணத்தை உறுதிப்படுத்தலாம். சைரன் இல்லை, சீருடைக் கூட்டம் இல்லை. மார்ஃபினை எண்ணிக் கணக்கு முடித்து அப்புறப்படுத்துவதையும் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொள்வார்.

இழப்புக்குப் பின்னும் ஹாஸ்பிஸ் விலகுவதில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு ஓராண்டுவரை துயர ஆதரவு தர வேண்டும் என்பது மெடிகேர் விதி. பிளெயின்ஸில் இது விசித்திரமான வடிவம் எடுத்தது: துயர ஆதரவுக்கு உரியவரே அதே வீட்டில் இருந்த ஹாஸ்பிஸ் நோயாளி. துணை போன சில வாரங்களில் மற்றவரும் போவதை ஊர்கள்தோறும் பார்த்திருக்கிறோம். கார்ட்டர் இன்னும் 13 மாதங்கள் இருந்தார்.

1953இலிருந்து ஒரு முன்கதை

அந்த வீடு எப்படித் தயாராக இருந்தது என்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1953இல் கார்ட்டர் கடற்படை அதிகாரி. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்தில் இருந்தவர், வயது 28. தந்தைக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்து விடுப்பில் பிளெயின்ஸ் வந்தார். மரணப் படுக்கையருகே அமர்ந்திருந்தபோது ஊரார் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். அந்த மனிதர் தங்களுக்குச் செய்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜூலையில் தந்தை இறந்தார். மகன் கடற்படையை விட்டு ஊர் திரும்ப முடிவு செய்தார். ரோசலினுக்கு இதில் கடும் கோபம்; சிற்றூருக்குத் திரும்புவதை அவர் விரும்பவில்லை. பிற்பாடு அரசியல் என்று ஆனதெல்லாம் அந்தப் படுக்கையருகே எடுத்த முடிவின் தொடர்ச்சி.

கணையப் புற்று அந்தக் குடும்பத்தை விடவில்லை. தங்கை ரூத் 1983இலும், தம்பி பில்லி 1988இலும், மற்றொரு தங்கை குளோரியா 1990இலும் அதே நோயில் இறந்தார்கள். தாய் லிலியன் செவிலியர்; 68ஆவது வயதில் அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான அமைதிப் படையில் (பீஸ் கார்ப்ஸ்) சேர்ந்து மும்பை விக்ரோலியில் பணிபுரிந்தவர். ஊர் மருத்துவமனையில் அவர் வேலை பார்த்ததால்தான் ஜிம்மி அங்கே பிறந்தார். மருத்துவமனையில் பிறந்த முதல் அமெரிக்க அதிபர் அவர். சாவைக் கண்ணெடுத்துப் பார்க்காத குடும்பங்கள் ஹாஸ்பிஸ் வரும்போது திகைத்து நிற்கின்றன. இந்தக் குடும்பத்துக்கு அது பரிச்சயமான விருந்தாளி.

இந்த வீட்டில் இருந்தது, மற்ற வீடுகளில் இல்லாதது

நிகழ்வு ஆய்வில் ஒரு நேர்மை வேண்டும்: இந்தத் தம்பதியர் சராசரி நோயாளிகள் அல்லர். வீடு எளியதுதான், 1961இல் கட்டிய ஒற்றைத்தள வீடு. ஆனால் முன்னாள் அதிபருக்கு வாழ்நாள் முழுவதும் பாதுகாவலர்கள் உண்டு. உதவிக்கு ஊழியர்கள் இருந்தார்கள், நான்கு பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இருந்தார்கள். மருத்துவர்கள் தொலைபேசியை எடுத்தார்கள்.

சாதாரண அமெரிக்க வீட்டில் ஹாஸ்பிஸ் என்பது என்ன? வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. செவிலியரும் உதவியாளரும் வந்து நிற்பது அதில் சில மணி நேரம். மீதியை 80 வயது மனைவியோ, வேலையை விட்டு வந்த மகளோ தாங்குகிறார்கள். ஹாஸ்பிஸ் வந்தால் யாராவது கூடவே இருப்பார்கள் என்று நம்பிச் சேரும் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே அடையும் ஏமாற்றம் பெரிது. இதைச் சேரும் நாளிலேயே தெளிவாகச் சொல்லாத ஹாஸ்பிஸ், மற்ற எதை நன்றாகச் செய்தாலும் அரைகுறைதான்.

பணத்தின் கதையும் உண்டு. தொண்டர்கள் தொடங்கிய இயக்கத்தில் இன்று முக்கால் பங்குக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் லாப நோக்கில் இயங்குபவை. மெடிகேர் நாளுக்கு இவ்வளவு என்று கொடுப்பதால், மெதுவாகச் சரியும், அதிகக் கவனிப்புத் தேவைப்படாத நோயாளி லாபகரமானவர். கடைசி இரண்டு நாளில் வந்து, மணிக்கொருமுறை செவிலியரைக் கேட்பவர் நட்டம். குணப்படுத்தும் சிகிச்சையைத் துறந்தால்தான் ஹாஸ்பிஸ் என்ற கதவும் தத்துவத்திலிருந்து வந்தது அல்ல. 1982இல் செலவுக்கு அஞ்சி வைத்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை இயக்கத்துக்கு அப்படி ஒரு கதவு தேவைப்படவில்லை. கீமோதெரபிக்குப் போய்க்கொண்டே வலி மருந்தும் வாங்கலாம், வீட்டுக்குத் தன்னார்வலரும் வருவார். அமெரிக்க முறையில் பலர் கடைசி 18 நாளில் வந்து சேர்வதற்கு இந்தக் கதவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், யாரும் தேர்வைத் தள்ளித்தான் போடுவார்கள்.

பராமரிப்பாளர் களைத்துப்போனால் ஹாஸ்பிஸ் தரும் ஓய்வு, நோயாளியை ஒரு மருத்துவ இல்லத்தில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 5 நாள் வைத்துக்கொள்வது. 2024 ஜூலை 1 அன்று மெடிகேர் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது: மறதிநோய் உள்ளவர்களை வீட்டில் கவனிப்போருக்கு ஒருங்கிணைப்பாளர், பயிற்சி, தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர்வரை ஓய்வுப் பராமரிப்பு. ரோசலின் இறந்து ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த அந்தத் திட்டத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஹாஸ்பிஸில் சேர்ந்திருப்பவர்கள் அதில் சேர முடியாது.